பிரசாரம் மக்கள் மனத்தைப் பிடிப்பது எப்படி? தேக்காவின் பக்கத்துத் திடல் சொல்லும் கதை

தேக்கா சந்தையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியே நடப்பவர் சிறிது நேரத்தில் ஃபேரர் பார்க் வட்டாரத்தை அடைந்துவிடுவார். சாலையின் பெயரே சொல்வதுபோல், 1843ஆம் ஆண்டிலிருந்து 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகு அந்த இடம் விளையாட்டுத் திடலானது. ஆனால் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி அங்கே திரண்டவர்கள் பந்தயத்துக்கோ பந்தாட்டத்துக்கோ வந்தவர்கள் அல்லர். சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 45,000 இந்திய வீரர்கள், ஆயுதங்களைப் பறிகொடுத்த நிலையில், தங்களுக்கு என்ன நேரப்போகிறது என்று தெரியாமல் அந்தத் திடலில் உட்கார வைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு சேர்ந்து போரிட்ட வெள்ளைக்கார வீரர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர்.

பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சுருக்கமாகச் சில வார்த்தைகள் பேசி, இந்திய வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அடுத்துப் பேசியவர் மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி. அவர் போர்முனைத் தளபதி அல்லர். ஜப்பானிய ராணுவத்தின் உளவுப் பிரிவைச் சேர்ந்தவர். இந்திய வீரர்களைத் தங்கள் பக்கம் திருப்புவதற்கென்றே அமைக்கப்பட்ட சிறு குழுவின் தலைவர். அவர் ஜப்பானிய மொழியில் பேசியது முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் இந்துஸ்தானியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. ஜப்பான் உங்களைப் போர்க்கைதிகளாகப் பார்க்கவில்லை, நண்பர்களாகவே பார்க்கிறது. இந்தியாவின் விடுதலைக்கு ஜப்பான் உதவும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். அவருக்குப் பின் கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவம் பற்றிய அழைப்பு அங்கேதான் பெருந்திரளின் முன் வைக்கப்பட்டது. திடல் ஆரவாரித்தது.

பிரசாரம் என்றதும் பலருக்கு மனத்தில் வருவது பொய்தான். பொய்யைச் சொல்லி மக்களை ஏமாற்றுவது என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஃபேரர் பார்க்கில் நடந்ததை அப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. ஃபுஜிவாரா அன்று தொட்ட காயம் உண்மையான காயம். ஒரே சீருடை அணிந்து ஒரே போரில் நின்றாலும், இந்திய அதிகாரிகளுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளைவிடச் சம்பளம் குறைவு. மலாயாவின் பல மன்றங்களின் வாசலை அவர்கள் மிதிக்க முடியாது. இந்தியா அடிமை நாடு என்பதை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கோத்தா பாருவிலிருந்து சிங்கப்பூர் வரை எழுபதே நாளில் பின்வாங்கி ஓடி வந்த ஒரு சாம்ராஜ்யம், கடைசியில் தங்களை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இவ்வளவு உண்மைகள் ஏற்கெனவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் ஒரு வாக்குறுதியை வைப்பது மட்டுமே பிரசாரகர் செய்யவேண்டிய வேலையாக இருந்தது. திறமையான பிரசாரம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு உண்மை இருக்கும். எஞ்சிய ஒரு பங்கைத்தான் கேட்பவர் சரிபார்க்க முடியாது.

அந்த ஒரு பங்கு என்ன என்பதை மோகன் சிங்கே முதலில் கண்டுகொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. இந்திய தேசிய ராணுவம் சுதந்திரமானதா, ஜப்பானியரின் ஏவலுக்கு உட்பட்டதா என்று அவர் எழுத்து மூலம் உறுதி கேட்டார். தெளிவான பதில் கிடைக்கவில்லை. அவர் ராணுவத்தைக் கலைக்க முனைந்தார். 1942 டிசம்பரில் ஜப்பானியர் அவரைக் கைது செய்து, பின்னர் புலாவ் உபினில் காவலில் வைத்தனர். நண்பர் என்று அழைக்கப்பட்டவர் ஓராண்டு முடிவதற்குள் கைதியானார். இந்திய தேசிய ராணுவத்தில் சேர மறுத்த வீரர்களில் பல்லாயிரம் பேர் வேலைப் படைகளாக நியூகினி போன்ற தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை.

ஒவ்வொரு காதுக்கும் ஒரு பேச்சு

அந்த பிப்ரவரியில் தேக்காவிலும் சைனா டவுனிலும் இரண்டு விதமான ஜப்பான் இருந்தது. ஃபேரர் பார்க்கில் இந்தியரிடம் சகோதரத்துவம் பேசப்பட்ட மறுநாள், சீன ஆண்களைச் சோதனைச் சாவடிகளுக்கு வரச்சொல்லும் நடவடிக்கை தொடங்கியது. ஜாலான் புசார் உள்ளிட்ட பல இடங்களில் அவர்கள் நாள்கணக்கில் வெயிலில் காத்திருந்தனர். சிலருக்குச் சோதிக்கப்பட்டதற்கான முத்திரை கிடைத்தது. மற்றவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கடற்கரைகளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்பது ஜப்பானியத் தரப்பின் கணக்கு. சீனச் சமூகத்தின் கணக்கு அதைப்போல் பல மடங்கு. ஃபேரர் பார்க்கிலிருந்து ஜாலான் புசாருக்கு நடந்தே போகலாம்.

ஆசியா ஆசியர்களுக்கே என்ற முழக்கம் ஒன்றுதான். ஆனால் ஆசியர் யார் என்பதைச் சொல்லும் உரிமையை முழக்கமிட்டவரே கையில் வைத்திருந்தார். இந்தியரிடம் விடுதலை பற்றிப் பேசினார்கள், மலாய்க்காரர்களிடம் மரியாதை பற்றிப் பேசினார்கள், சீனரிடம் பயத்தைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொல்லப்படுகிறது என்று கேட்காதவரை, தனக்குச் சொல்லப்பட்டது இனிமையாகவே இருக்கும்.

பிரிட்டிஷார் மட்டும் என்ன வாழ்ந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செம்பவாங் கடற்படைத் தளம் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது முதல், சிங்கப்பூர் எவராலும் வெல்ல முடியாத கோட்டை என்ற பேச்சு ஓயாமல் பரப்பப்பட்டது. எதிரியை அச்சுறுத்தச் சொல்லப்பட்ட கதையை, சொன்னவர்களே நம்பத் தொடங்கியதுதான் வேடிக்கை. 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். அதற்குப் பிறகு வானொலியில் பேசிய அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதுபோல் பேசினார். கைவிடப்பட்ட பினாங்கிலோ, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து உள்ளூர்க்காரர்களைத் திரட்டி ஊரைக் கவனித்துக்கொண்டிருந்தார். கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியதும் அவர்தான். அந்த ஒலிபரப்பைக் கேட்ட ஆசியர்கள், வெள்ளைக்கார அரசாங்கத்தின் கணக்கில் தாங்கள் மக்களாகவே எண்ணப்படவில்லை என்பதைப் புரிந்துகொண்டனர். ஃபுஜிவாராவுக்கு இரண்டு மாதம் முன்கூட்டியே செய்துகொடுக்கப்பட்ட உதவி அது எனலாம்.

மாடியில் உண்மை, தெருவில் பொய்

டோபி காட் அருகே நிற்கும் கேத்தே கட்டடத்தின் முகப்பு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1939இல் அங்கே குளிர்சாதனத் திரையரங்கு திறக்கப்பட்டது. பதினாறு மாடிகளோடு எழுந்த அந்தக் கட்டடம் அக்காலத்தில் இந்த வட்டாரத்திலேயே மிக உயரமானது. போர் வந்தபோது பிரிட்டிஷாரின் மலாயா ஒலிபரப்புக் கழகம் அங்கிருந்து இயங்கியது. ஊர் வீழ்ந்த பின் ஜப்பானிய ராணுவத்தின் பிரசாரப் பிரிவும் வானொலியும் அதே இடத்தில் குடியேறின. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் அங்கே வந்தது. மூன்று ஆட்சிகளுமே ஊரின் உயரமான கட்டடத்தைத் தேடிப் பிடித்ததில் வியப்பில்லை.

அந்தக் கட்டடத்துக்குள் நடந்த ஒரு வேலை பிரசாரத்தின் உட்புறத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. 1943ஆம் ஆண்டு இறுதியிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக, இருபது வயதுக்காரர் ஒருவர் மேல்மாடியில் உட்கார்ந்து, நேச நாடுகளின் செய்தி நிறுவனங்கள் மோர்ஸ் குறியீட்டில் அனுப்பிய தகவல்களில் விடுபட்ட சொற்களை ஊகித்து நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் பெயர் லீ குவான் இயூ. தமது நினைவுக் குறிப்புகளில் அவரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். கீழே தெருவில் விற்ற சியோனான் ஷிம்பனில் ஜப்பான் வென்றுகொண்டே இருந்தது. மேலே அவர் கைக்கு வந்த தாள்களில் அது தோற்றுக்கொண்டிருந்தது. பர்மாவில் ஜப்பானியர் பின்வாங்குவதைத் தெரிந்துகொண்ட அவர், பிரிட்டிஷ் படை மலாயாவுக்கு வந்தால் சிங்கப்பூரில் பெரும் சண்டை மூளும் என்று கணக்கிட்டு, குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். பிரசார அலுவலகம் பொய்யை மட்டும் வைத்து நடக்க முடியாது. எதை மறைக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளவாவது அதற்கு உண்மை வேண்டும்.

மக்களுக்கு அந்த உண்மை எட்டாமலிருக்கப் பெரும் ஏற்பாடு செய்யப்பட்டது. வானொலிப் பெட்டிகளை அதிகாரிகளிடம் கொண்டுபோய், சிற்றலை கேட்காதபடி மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டவர்களுக்குச் சிறை, சித்திரவதை. மனநல மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையை நடத்திய எலிசபெத் சோயும் அவரது கணவரும், சாங்கிக் கைதிகளுக்குப் பணமும் வானொலிப் பாகங்களும் கைமாற உதவியதற்காக 1943இல் பிடிபட்டனர். எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் கெம்பெய்தாயின் பிடியில் வதைபட்டார். ஒரு வானொலிப் பெட்டியின் பாகத்துக்கு அவ்வளவு அஞ்சியது அந்த ஆட்சி. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டது. ஆண்டு 2602 ஆயிற்று. ஊரின் பெயரும் மாறியது. கேத்தே திரையரங்கில்கூட பெரும் கிழக்காசியத் திரையரங்கு என்று பொருள்படும் பெயர்ப்பலகை ஏறியது. நாள், நேரம், ஊர்ப்பெயர் எல்லாமே ஒருவர் கையில் இருக்கும்போது அவர் சொல்லும் செய்தியைச் சந்தேகிக்க ஒரு பிடிமானம் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்?

இடையில் ஒரு சுவையான தகவல். புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு 1943இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். இந்திய விடுதலைப் படையைப் பற்றி ஒரு படம் எடுப்பது அவருக்கு இடப்பட்ட பணி. படம் முடியவே இல்லை. பறிமுதல் செய்யப்பட்டிருந்த அமெரிக்கப் படங்களைத் தனியே போட்டுப் பார்த்துக்கொண்டு அவர் பொழுதைக் கழித்தார். எதிரியின் பிரசாரம் என்று ஊருக்குத் தடைசெய்யப்பட்டவை அவை.

ஒரு நாள் கூலி ஒரு வெள்ளி

இந்தக் கதையில் தமிழர்களை மிக ஆழமாகத் தொடும் பகுதி சிங்கப்பூருக்கு வடக்கே, மலாயாத் தோட்டங்களில் நடந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942 ஜூனிலிருந்து 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்டு முடித்தனர். போர்க்கைதிகள் போதவில்லை. ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில் வந்தது விளம்பரம். மூன்று மாத ஒப்பந்தம், நாள் கூலி ஒரு வெள்ளி, இலவச ரயில் பயணம், தங்க இடம், சாப்பாடு, மருத்துவம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கிராணி வாசித்துக் காட்டியிருப்பார். பசித்த குடும்பத்துக்கு அதில் குறைசொல்ல என்ன இருந்தது?

போனவர்கள் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. வாய்வழியாகச் செய்தி கசிந்ததும் தாமாக வருவோர் நின்றுபோயினர். அப்போது முறை மாறியது. சில இடங்களில் இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கூட்டம் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, அப்படியே ரயிலில் ஏற்றினார்கள் என்று தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்கள் சொல்கின்றன. விளம்பரம் பலிக்காத இடத்தில் பலவந்தம் வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு திரைப்படம் தூண்டில் இரையாக இருந்தது.

மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். பர்மா, ஜாவா போன்ற பகுதிகளிலிருந்து சென்றவர்களையும் சேர்த்தால், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கும் மேல். காஞ்சனபுரியில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. 1957இல் வந்து உலகப்புகழ் பெற்ற குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தில் பாலம் கட்டுபவர்கள் வெள்ளைக்காரக் கைதிகளே. பார்ப்பவர் மனத்தில் அதுவே வரலாறாகத் தங்கிவிட்டது. பொய் சொல்லாமலேயே, சிலரைக் காட்டாமல் விடுவதன் மூலமும் மக்களின் எண்ணத்தை வளைத்துவிடலாம் என்பதற்குத் தமிழர்களுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அதே 1943இல்தான் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். ஜூலை 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் அணிவகுப்பு. அக்டோபர் 21ஆம் தேதி, மீண்டும் கேத்தேயில், தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகளும் சிராங்கூன் ரோட்டுக் கடை ஊழியர்களும் படையில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்கு வந்தனர். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் பிரசாரத்தால் ஏமாந்தவர்கள் என்று சொல்வது பெரும் அநீதி. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த ஒருவர் முதன்முறையாகச் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றது போலியல்ல. ஆனால் போஸின் படைக்கும் ஆட்சிக்கும் இடம்கொடுத்த அதே ராணுவந்தான், அதே மாதங்களில், அதே தோட்டங்களிலிருந்து ரயில்களை நிரப்பிக்கொண்டிருந்தது. நேதாஜி அரசாங்கத்தின் அறிவிப்பும் ரயில்பாதை நிறைவும் ஒரே அக்டோபர் மாதத்தில், சில நாள் இடைவெளியில் நடந்தன. முதலாவதை ஊரறியச் சொன்ன வானொலி, அங்கே மாண்ட தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மறுபுறம் பிரிட்டிஷாரும் தங்கள் இந்திய வீரர்களிடம் இந்திய தேசிய ராணுவத்தினரை ஜப்பானியத் தூண்டுதலில் இயங்கும் ஐந்தாம்படையினர் என்று பொருள்படும் சுருக்கப்பெயராலேயே குறிப்பிட்டனர். இந்தியாவில் அந்தப் படையைப் பற்றிய செய்திகள் தணிக்கையால் அடக்கி வைக்கப்பட்டன. 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்கு தொடங்கியதும் அடக்கி வைத்தது மொத்தமாக வெடித்தது. சிங்கப்பூரிலோ, எஸ்பிளனேடில் போஸ் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னம், பிரிட்டிஷ் படை திரும்பி வந்த சில நாள்களிலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று காணும் அடையாளக் குறி 1995இல் வைக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு அந்த இடம் வெறும் புல்தரை.

திரும்பத் திரும்பச் சொன்னால்

பிரசாரம் என்ற சொல்லே கெட்ட சொல்லாகப் பிறக்கவில்லை. ஐரோப்பாவில் அது 1622இல் போப்பாண்டவர் அமைத்த, சமயத்தைப் பரப்பும் சபையின் பெயரிலிருந்து வந்தது. 1928இல் அமெரிக்கர் எட்வர்ட் பெர்னேஸ் அதே சொல்லைத் தலைப்பாக வைத்து, வெட்கப்படாமல், தொழில்நுட்பமாகவே நூல் எழுதினார். சிங்கப்பூரர்களுக்குப் பிரசார இயக்கம் அன்றாட வாழ்க்கை. இரண்டு பிள்ளைகள் போதும் என்று எழுபதுகளில் சுவரொட்டி ஒட்டிய அரசாங்கம், 1987இல் வசதி இருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மாற்றிச் சொன்னது. முதல் இயக்கத்தை நம்பியவர்கள் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் சொல்வது யார், எதற்காக என்று அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆட்சேபிக்கவும் கேலி செய்யவும் முடிந்தது. சியோனான் ஷிம்பனைக் கேலி செய்தவர் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

மனித மனம் ஏன் இதற்கு இடங்கொடுக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், மாணவர்களிடம் சில கூற்றுகளைக் கொடுத்து, இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த கூற்றுகள், உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு முறையும் கூடுதலாக நம்பப்பட்டன. பழகிய முகத்தை நல்லவர் என்று நினைப்பதுபோல், பழகிய வாக்கியத்தையும் மனம் உண்மை என்று நினைத்துக்கொள்கிறது. 1947இல் ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் வதந்தியைப் பற்றி எழுதியது மேலும் பயனுள்ளது. ஒரு விஷயம் மக்களுக்கு எவ்வளவு முக்கியமானதோ, அதைப் பற்றிய தகவல் எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறதோ, அந்த இரண்டின் பெருக்கமே வதந்தியின் வலிமை என்றார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வதந்தி பரவாது.

இதை எடைபோட மீண்டும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கே வரவேண்டும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிறு இரவு, ஹேம்ப்ஷயர் சாலைச் சந்திப்பில் தனியார் பேருந்தின் கீழ் சிக்கி ஓர் இந்திய ஊழியர் மாண்டார். கூடிநின்றவர்களுக்கு அது மிக முக்கியமான விஷயம்; மாண்டவர் அவர்களில் ஒருவர். இருட்டிலும் நெரிசலிலும் என்ன நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியவில்லை. மீட்புப் பணியாளர்கள் அடிபட்டவரை விட்டுவிட்டு ஓட்டுநரையும் பேருந்து உதவியாளரையும் காப்பாற்றுகிறார்கள் என்ற எண்ணம் கூட்டத்தில் பரவியது. விசாரணைக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் தவறான புரிதலைக் கலவரத்துக்கான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அன்றிரவு எவரும் திட்டமிட்டுப் பிரசாரம் செய்யவில்லை. மறுநாள் காலையிலோ, இணையத்தில் வெளிநாட்டு ஊழியர்கள் அனைவரையும் ஒரே தூரிகையால் கறுப்படித்த பேச்சுகள் எழுந்தன. சம்பவ இடத்தில் இல்லாதவர்களே அதிகம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பேசாமல் போகும் பல்லாயிரம் பேர் அந்தப் பேச்சுகளின் கணக்கில் வரவில்லை.

ஓராண்டு கழித்து நடந்தது வேறு வகை. 2015 பிப்ரவரி 3ஆம் தேதி, தைப்பூச நாளன்று, சிராங்கூன் சாலையில் மேளம் கொட்டுவது தொடர்பாகப் பக்தர்கள் சிலருக்கும் காவல்துறைக்கும் இடையே தகராறு ஏற்பட்டது. மூவர் கைதாயினர். அது உண்மைச் செய்தி. அதற்கு மேல் தி ரியல் சிங்கப்பூர் என்ற இணையத்தளம் ஒரு கதையைச் சேர்த்தது. மேளச் சத்தத்தால் குழந்தை அழுகிறது என்று ஒரு பிலிப்பீன்ஸ் குடும்பம் புகார் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அது எழுதியது. அப்படி ஒரு புகாரே இல்லை. ஆனால் கோபத்தில் இருந்த இந்துக்களுக்கு அது கைக்கு எளிதாகக் கிடைத்த காரணம். வெளிநாட்டவர் வருகையால் ஏற்கெனவே எரிச்சலில் இருந்த மற்றவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. பத்தில் ஒன்பது பங்கு உண்மை, ஒரு பங்கு இட்டுக்கட்டு என்ற பழைய கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

ஃபுஜிவாராவுக்கு ஒரு சாம்ராஜ்யத்தின் நோக்கம் இருந்தது. இந்தத் தளத்தை நடத்திய இளம் தம்பதிக்கு இருந்த நோக்கம் விளம்பர வருமானம் என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. மக்கள் எத்தனை முறை சொடுக்குகிறார்களோ அத்தனை காசு. கோபம் வந்தால் அதிகம் சொடுக்குவார்கள். 2015 மே மாதம் தளத்தின் உரிமம் முடக்கப்பட்டது. 2016இல் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் மனைவிக்குப் பத்து மாதமும் கணவருக்கு எட்டு மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பொய்ச் செய்திகளுக்கு எதிரான தனிச் சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. எது பொய் என்று முதலில் முடிவு செய்யும் அதிகாரம் அமைச்சர்களிடம் இருப்பது பற்றி அப்போது எழுந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. சியோனான் காலத்தைப் படித்தவர்களுக்கு அந்த விவாதத்தின் இரு பக்கமும் புரியும்.

தைப்பூச மேளத்தைப் பொறுத்தவரை உண்மையான சிக்கல் மிகப் பழையது. ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்து வந்தது. 2015 சம்பவத்துக்குப் பிறகு இந்து அறக்கட்டளை வாரியமும் அதிகாரிகளும் சமூகத்தினரிடம் கருத்துக் கேட்டனர். 2016 தைப்பூசத்தில், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்க அனுமதி கிடைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் விதிகள் மேலும் தளர்ந்தன. குழந்தை அழுததாகச் சொல்லப்பட்ட பிலிப்பீன்ஸ் குடும்பத்தின் பேச்சு அந்தக் கலந்துரையாடல்களில் எங்கும் எழவில்லை.